15 பின்களுக்குள் கீபேடும் எல்சிடியும் அடங்குமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே இடத்தில் மாட்டிக்கொண்ட வேறு சிலருக்கும் அது உதவும். ஏடி89சி2051 என்ற 20 பின் மைக்ரோகன்ட்ரோலரைக் கொண்டு எண் பூட்டு ஒன்று செய்கிறீர்கள். 16 விசைகள் கொண்ட கீபேட், இரண்டு வரி எல்சிடி, மின்சாரம் போனாலும் கடவு எண் அழியாமல் இருக்க ஒரு 24சி02 ஈஈப்ராம், பூட்டை இயக்கும் ரிலே, ஒரு பஸர், கணினிக்குப் பதிவு அனுப்பவும் அங்கிருந்து ஆணை பெறவும் ஒரு சீரியல் இணைப்பு ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் 24 பின்கள் தேவைப்படுகின்றன. ஐசியின் 20 பின்களில் இப்படி இணைக்கக் கிடைப்பவையோ 15. பெட்டியும் பலகையும் தயாராகிவிட்டதால் 40 பின் ஐசிக்கு மாற இடமில்லை என்கிறீர்கள். போதாக்குறைக்கு, சோதனையாகக் கீபேடையும் எல்சிடியையும் ஒரே கம்பிகளில் சேர்த்துப் பார்த்தபோது, விசையை அழுத்தினால் திரையில் குப்பை எழுத்துகள் வருகின்றன.

அடங்கும். கூடுதல் ஐசி ஒன்றுகூட இல்லாமல், 15 பின்களில் ஒன்றும் மிஞ்சாமல் இவை அனைத்தும் அடங்கும். நீங்கள் செய்து பார்த்த சோதனை சரியான திசையில்தான் இருக்கிறது. அதில் இரண்டு சிறு பிழைகள் உள்ளன, அவ்வளவுதான்.

உங்கள் 24 எப்படி வந்தது என்று பார்ப்போம். கீபேடுக்கு 8, எட்டு பிட் முறையில் இணைத்த எல்சிடிக்கு 10, ஈஈப்ராமுக்கு 2, சீரியலுக்கு 2, ரிலேக்கு 1, பஸருக்கு 1. இந்தக் கூட்டலில் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை கம்பி வேண்டும் என்று மட்டுமே அது கேட்கிறது. அந்தக் கம்பி அந்தப் பொருளுக்கு எந்த நேரத்தில் வேண்டும் என்று கேட்பதில்லை. இரண்டு வரியையும் முழுவதுமாக நிரப்ப எல்சிடிக்குச் சுமார் 2 மில்லிநொடி போதும். கீபேடை ஒரு முறை வருடிப் பார்க்க, அதாவது எந்த விசை அழுத்தப்பட்டிருக்கிறது என்று தேட, 100 மைக்ரோநொடிகூட ஆகாது. அதையும் 10 மில்லிநொடிக்கு ஒரு முறை செய்தால் போதும். மீதி நேரமெல்லாம் அந்தக் கம்பிகள் வெறுமனே நிற்கின்றன. ஆகவே ஒருவர் பயன்படுத்தாத நேரத்தில் மற்றவர் பயன்படுத்தலாம். இதற்கு ஒரே ஒரு நிபந்தனை: தன் முறை இல்லாதபோது கம்பியில் நடப்பதைக் கண்டுகொள்ளாமல் இருக்கும் வசதி அந்தப் பொருளுக்கு இருக்க வேண்டும்.

எல்சிடிக்கு அந்த வசதி இருக்கிறது. கடைகளில் கிடைக்கும் 16 எழுத்து, இரண்டு வரி எல்சிடிகள் அநேகமாக ஹிட்டாச்சியின் எச்டி44780 கட்டுப்பாட்டு ஐசியையோ அதற்கு ஒத்த ஒன்றையோ கொண்டவை. அதன் எனேபிள் பின் 1-இலிருந்து 0-க்கு இறங்கும் அந்தக் கணத்தில்தான் தகவல் உள்ளே ஏறுகிறது. எனேபிள் 0-விலேயே நிற்கும்வரை மற்றப் பின்களில் என்ன ஆடினாலும் அது பொருட்படுத்தாது. படிப்பதா எழுதுவதா என்று சொல்லும் ஆர்டபிள்யூ பின்னை நிரந்தரமாகக் கிரவுண்டில் கட்டிவிட்டால், எல்சிடி தானாகக் கம்பியில் எதையும் பேசவும் முடியாது. பகிர்வுக்கு இது கட்டாயம். பிஸி நிலையை எல்சிடியிடமிருந்து படிக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, சாதாரணக் கட்டளைக்கு 37 மைக்ரோநொடிக்குச் சற்று மேலாகவும், திரையைத் துடைக்கும் கட்டளைக்கு 1.52 மில்லிநொடிக்குச் சற்று மேலாகவும் காத்திருந்தால் போதும்.

முதல் சேமிப்பு, எட்டு பிட்டிலிருந்து நான்கு பிட்டுக்கு மாறுவது. டி4 முதல் டி7 வரை நான்கு தகவல் கம்பிகள், வருவது கட்டளையா எழுத்தா என்று சொல்லும் ஆர்எஸ், எனேபிள் என ஆறு பின்கள் போதும். ஒவ்வொரு பைட்டையும் மேல்பாதி, கீழ்ப்பாதி என இரண்டு தவணையாக அனுப்ப வேண்டும். தொடக்கச் சடங்கை மட்டும் குறைக்காமல் செய்யுங்கள்: மின்சாரம் வந்து 15 மில்லிநொடிக்கு மேல் காத்திருந்து 0011 அனுப்புங்கள், 4.1 மில்லிநொடிக்கு மேல் விட்டு மீண்டும் 0011. 100 மைக்ரோநொடிக்கு மேல் விட்டு மூன்றாம் முறை 0011. அதன் பிறகே நான்கு பிட்டுக்கு மாறச் சொல்லும் 0010. மேல் வரியில் மட்டும் கறுப்புக் கட்டங்கள் தெரிந்து நின்றுவிட்டால், எல்சிடி கெட்டுவிட்டது என்று பொருளில்லை. பெரும்பாலும் இந்தச் சடங்கு அதனிடம் போய்ச் சேரவில்லை என்றே பொருள். இந்த மாற்றத்தால் 24 என்பது 20 ஆகிறது.

இரண்டாவது சேமிப்பு, நீங்கள் முயன்ற பகிர்வு. பள்ளிக் கணக்கில் அணிகளுக்குச் சொல்லும் அதே நிரை, நிரல் என்ற சொற்களையே கீபேடுக்கும் பயன்படுத்துகிறேன். டி4 முதல் டி7 வரையிலான நான்கு கம்பிகளையே கீபேடின் நான்கு நிரல்களாகவும் ஆக்கிக்கொள்ளுங்கள். நிரைகளுக்கு மட்டும் தனியாக நான்கு பின்கள். கீபேடைப் பார்க்கும்போது எனேபிள் 0-வில் இருக்கும். நிரல் கம்பிகளில் 1 எழுதி, ஒவ்வொரு நிரையாக 0-க்கு இறக்கி, எந்த நிரல் கூடவே இறங்குகிறது என்று படிக்க வேண்டும். நிரையை இறக்கியவுடன் படித்துவிடாமல், கம்பி நிலைப்பட 10 மைக்ரோநொடி விடுங்கள். கம்பியை 1-க்கு இழுத்து வைக்க ஐசியின் உள்ளே இருக்கும் புல்-அப் பலவீனமானது. இதனால் 20 என்பது 16 ஆகிறது.

இங்கேதான் பலர் ஒரு பின்னுக்காகத் தலையில் கை வைத்துக்கொண்டு, பஸரையோ சீரியலின் ஒரு பாதியையோ தியாகம் செய்வார்கள். தேவையில்லை. ஈஈப்ராமுக்கும் இதேபோல் கண்டுகொள்ளாமல் இருக்கும் வசதி உண்டு. அது பேசுவது ஐ2சி என்ற இரண்டு கம்பி முறையில்: எஸ்டிஏ தகவல் கம்பி, எஸ்சிஎல் கடிகாரக் கம்பி. ஐ2சி விதிப்படி, எஸ்சிஎல் 1-இல் இருக்கும்போது எஸ்டிஏ மாறினால்தான் அது தொடக்கமாகவோ முடிவாகவோ கொள்ளப்படும். எஸ்சிஎல் 0-வில் இருக்கும்போது எஸ்டிஏ எத்தனை முறை மாறினாலும் அதற்கு எந்தப் பொருளும் இல்லை. எல்சிடியின் ஆர்எஸ் பின்னோ எனேபிள் துடிக்கும்போது மட்டுமே கவனிக்கப்படுவது. ஆகவே எஸ்டிஏயும் ஆர்எஸ்ஸும் ஒரே பின்னில் இருக்கலாம். எல்சிடிக்கு எழுதும்போது எஸ்சிஎல் 0-வில் இருக்கட்டும். ஈஈப்ராமிடம் பேசும்போது எனேபிள் 0-வில் இருக்கட்டும். வழக்கமாக ஐ2சியில் சும்மா இருக்கும் நேரத்தில் இரண்டு கம்பிகளும் 1-இல் நிற்கும். உங்கள் சுற்றில் மட்டும், முடிவுச் சைகை கொடுத்த பிறகு எஸ்சிஎல்லை 0-வுக்கு இறக்கி வைத்துவிட வேண்டும். அடுத்த முறை தொடங்கும்போது முதலில் எஸ்டிஏயை 1 ஆக்கி, பிறகு எஸ்சிஎல்லை உயர்த்தி, அதன் பிறகே எஸ்டிஏயை இறக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் ஈஈப்ராமுக்குப் பொய்யான முடிவுச் சைகை போகும். இப்போது கணக்கு 15.

எந்தப் பின்னில் எதை வைப்பது என்பதும் இந்த ஐசியில் விருப்பப்படி செய்யக்கூடியதல்ல. பி1.0, பி1.1 ஆகிய இரண்டும் உள்ளிருக்கும் கம்பேரட்டரின் (இரண்டு மின்னழுத்தங்களை ஒப்பிடும் பகுதி) நுழைவாயில்களாகவும் இருப்பதால், அவற்றுக்கு மட்டும் உள் புல்-அப் கிடையாது. இதை அறியாமல் அவற்றில் கீபேடைக் கட்டிவிட்டு, இரண்டு நிரல்கள் மட்டும் ஏன் பைத்தியம் பிடித்ததுபோல் நடக்கின்றன என்று தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐ2சிக்கோ வெளிப்புற புல்-அப் எப்படியும் வேண்டும். ஆகவே அந்தக் குறையை அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம்: பி1.0-வில் எஸ்டிஏயும் ஆர்எஸ்ஸும், பி1.1-இல் எஸ்சிஎல், இரண்டுக்கும் தலா 4.7 கிலோ ஓம் புல்-அப். பி1.2-இல் பஸர், பி1.3-இல் எனேபிள், பி1.4 முதல் பி1.7 வரை எல்சிடியின் டி4 முதல் டி7-உம் நிரல்களும். பி3.0, பி3.1 சீரியலுக்கென்றே அமைந்தவை. பி3.2 முதல் பி3.5 வரை நிரைகள். பி3.6 வெளியே வருவதில்லை. அது கம்பேரட்டரின் விடையாக உள்ளேயே இணைக்கப்பட்டுள்ளது. மீதமிருக்கும் பி3.7-இல் ரிலே.

இனி உங்கள் குப்பை எழுத்துகள். முதல் காரணம், நிரையைக் கீழே இறக்கிய நிலையிலேயே விட்டுவிட்டு எல்சிடிக்கு எழுதப் போவது. கீபேடை வருடும் பகுதி கடைசி நிரையை 0-வில் வைத்துவிட்டுத் திரும்பினால், அந்த நிரையில் யாராவது விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை அதற்குரிய நிரல் கம்பி 0-வுக்கு இழுக்கப்பட்டே இருக்கும். அந்தக் கம்பி எல்சிடியின் ஒரு தகவல் பிட்டும் ஆயிற்றே. நீங்கள் 1 அனுப்பினாலும் எல்சிடி 0 என்றே படிக்கும். நான்கு பிட் முறையில் ஒரு கட்டளை இப்படித் தவறாகப் போனால், எல்சிடி எட்டு பிட் முறைக்குத் தாவி, அதற்குப் பிறகு வரும் பாதிகளையெல்லாம் தவறாகச் சேர்க்கவும் வாய்ப்புண்டு. அதனால்தான் விசையை விட்ட பிறகும் குப்பை தொடர்கிறது. வருடல் முடிந்ததும் நான்கு நிரைகளையும் 1-க்கு உயர்த்திவிட்டே வெளியே வாருங்கள்.

இரண்டாவது காரணம் இதைவிடத் தந்திரமானது; நான் இதற்காக இரண்டு மாலைப் பொழுதுகளைத் தொலைத்திருக்கிறேன். ஒரே நிரையில் இருக்கும் இரண்டு விசைகளை ஒருசேர அழுத்தினால், அந்த நிரைக் கம்பியின் வழியாக இரண்டு நிரல் கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அப்போது எல்சிடிக்கு ஒன்றில் 1-உம் மற்றதில் 0-வும் அனுப்பினால், உங்கள் ஐசி சேர்ந்த 8051 குடும்பத்தில் 0-வே வெல்லும்; காரணம், அதன் 1 வெறும் பலவீனமான புல்-அப், 0-வோ உறுதியான இழுப்பு. நல்ல வேளையாக இதனால் ஐசிக்குச் சேதமில்லை, எழுத்து மட்டும் கெடும். இதையே பிக், ஏவிஆர் போன்ற வேறு மைக்ரோகன்ட்ரோலர்களில் செய்தால் இரண்டு பக்கமும் உறுதியாக இழுத்து, அந்தப் பின்களே சூடாகிவிடும். மருந்து, ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு டையோடு: ஆனோடு எல்சிடிக்குப் போகும் கம்பியின் பக்கம், கேதோடு கீபேடின் பக்கம். வருடும்போது மின்னோட்டம் நிரலிலிருந்து நிரைக்குத் தடையில்லாமல் போகும். ஒரு நிரலிலிருந்து இன்னொரு நிரலுக்குப் போக முயன்றால் இரண்டாவது டையோடு குறுக்கே நிற்கும்.

டையோடைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு சிறு கணக்கு இருக்கிறது. 5 வோல்ட்டில் இந்த ஐசி 0.9 வோல்ட் வரைதான் 0 என்று ஏற்கும். நமக்கு எளிதில் கிடைக்கும் 1என்4148 இந்தச் சிறிய மின்னோட்டத்தில் 0.5 முதல் 0.6 வோல்ட் வரை தின்றுவிடும். நிரைப் பின்னும் கீபேடின் தொடர்பும் சேர்ந்து மேலும் கொஞ்சம். வேலை செய்யும், ஆனால் விளிம்பில் நடப்பதுபோல. மெம்ப்ரேன் கீபேட் என்றால் பேட்85 போன்ற ஷாட்கி டையோடு போடுவதையே நான் விரும்புவேன். அதன் இழப்பு ஏறக்குறைய பாதிதான்.

வன்பொருள் சரியாக இருந்தும் எப்போதாவது ஒரு முறை மட்டும் குப்பை வந்தால், புரோகிராமைத்தான் சந்தேகிக்க வேண்டும். டைமர் இன்டரப்டுக்குள், அதாவது ஓடும் புரோகிராமைக் குறித்த நேரத்துக்கு ஒரு முறை இடைமறித்து ஓடும் பகுதிக்குள், கீபேடை வருடுவது பலருக்கும் பழக்கம். பகிர்ந்த கம்பிகளில் அது கூடவே கூடாது. எல்சிடிக்கு ஒரு எழுத்தின் பாதியைக் கம்பியில் வைத்து எனேபிளை உயர்த்தியிருக்கும் கணத்தில் இன்டரப்ட் வந்து அதே கம்பிகளில் 1 எழுதிவிட்டுப் போனால், திரும்பி வந்து எனேபிளை இறக்கும்போது உள்ளே போவது வேறொன்றாக இருக்கும். நேரம் வந்துவிட்டது என்று குறிக்கும் ஒரு கொடியை (ஒரு பிட்) மட்டும் இன்டரப்ட் உயர்த்தட்டும். வருடலும் எழுதுதலும் முதன்மைச் சுழலிலேயே ஒன்றன்பின் ஒன்றாக நடக்கட்டும். 10 மில்லிநொடிக்கு ஒரு வருடல், அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே விடை வந்தால் விசை உண்மை என்று கொள்வது: அழுத்தும்போது விசையின் தொடர்பு சில கணம் விட்டு விட்டு ஒட்டும் துள்ளலுக்கும் இதுவே போதும்.

சி மொழியில் எழுதுபவர்கள் விழும் இன்னொரு குழியும் உண்டு. போர்ட் 1-இன் மேல் நான்கு பிட்டை மட்டும் மாற்ற, போர்ட்டைப் படித்து, கீழ்ப்பாதியை வைத்துக்கொண்டு, புதிய மேல்பாதியைச் சேர்த்து, ஒரே கூற்றில் திரும்ப எழுதுவார்கள். இப்படி எழுதினால் கம்பைலர் உருவாக்கும் கட்டளை, பின்னில் உள்ள மின்னழுத்தத்தைப் படிக்கிறது. அந்தப் பின்னுக்கு நாம் கடைசியாக எழுதியதை அல்ல. அந்த நேரத்தில் ஈஈப்ராம் எஸ்டிஏயைக் கீழே இழுத்துப் பிடித்திருந்தால், அந்த 0 நம் லாட்ச்சிலேயே (பின்னுக்கு நாம் எழுதியதை வைத்திருக்கும் இடம்) எழுதப்பட்டுவிடும். பிறகு கம்பி எப்போதும் மேலே வராது. இதைத் தவிர்க்க இரண்டு கூற்றுகளாகப் பிரியுங்கள்: முதலில் அண்ட்-சமன் குறியால் மேல்பாதியைத் துடையுங்கள், பிறகு ஆர்-சமன் குறியால் புதியதைச் சேருங்கள். இந்த இரண்டும் போர்ட்டின் மீது நேரடியாகச் செயல்படும் கட்டளைகளாக மாறுவதால், அவை லாட்ச்சைத்தான் படிக்கும். இடையில் ஒரு கணம் கம்பிகள் 0-வாக இருக்கும். எனேபிள் கீழே இருப்பதால் அதனால் பாதகமில்லை.

ரிலே பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும், ஏனெனில் நீங்கள் செய்வது பூட்டு. 8051 குடும்பத்தில் ரீசெட் நேரத்தில் எல்லாப் பின்களும் 1-க்குப் போகும். பின் 1 ஆனால் ரிலே இழுக்கும் என்று சுற்றை அமைத்திருந்தால், மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு முறையும் புரோகிராம் தொடங்கும்வரை பூட்டு திறந்து மூடும். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில் இந்தப் பூட்டுக்குக் கடவு எண்ணே தேவைப்படாது. ஆகவே 0-க்கு இறங்கினால் இயங்கும்படி அமையுங்கள்: பிசி817 ஆப்டோகப்ளரின் எல்இடியை 470 ஓம் வழியாக 5 வோல்ட்டில் கட்டி, மறுமுனையைப் பி3.7-இல் கொடுங்கள். சுமார் 8 மில்லி ஆம்பியர் பாயும். இந்த ஐசியின் ஒரு பின் 20 மில்லி ஆம்பியர் வரை உள்வாங்கும், ஆனால் எல்லாப் பின்களும் சேர்ந்து 80-ஐத் தாண்டக் கூடாது. ஆப்டோகப்ளரிலிருந்து ஒரு டிரான்சிஸ்டர், அதிலிருந்து ரிலே, ரிலே சுருளின் குறுக்கே ஒரு 1என்4007. பஸரையும் இதேபோல் 0-வில் ஒலிப்பதாகவே வையுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கத்தும். எனேபிளும் ரீசெட்டில் 1-இல்தான் இருக்கும். அதை முதல் முறை இறக்கும்போது எல்சிடி ஒரு குப்பையை விழுங்கும். அதனால் புரோகிராமின் முதல் வரியிலேயே எனேபிளை இறக்கிவிட்டு, அதன் பிறகு தொடக்கச் சடங்கைச் செய்யுங்கள், குப்பை துடைக்கப்பட்டுவிடும்.

பலகையில் ஒரு சிறிய ஐசிக்கு இடம் கிடைத்தால், இத்தனை கவனமும் தேவைப்படாத வழி ஒன்று இருக்கிறது. ஈஈப்ராமுக்காக ஐ2சி கம்பிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அதே இரண்டு கம்பிகளில் எட்டு பின்களைக் கூடுதலாகத் தரும் பிசிஎஃப்8574 என்ற விரிவாக்கியைத் தொங்கவிடலாம். 24சி02-இன் முகவரி 1010 என்று தொடங்கும், பிசிஎஃப்8574-இன் முகவரி 0100 என்று தொடங்கும், அதன் ஏ வகையினுடையது 0111 என்று. ஆகவே மோதல் இல்லை. முகவரிப் பின்கள் மூன்று இருப்பதால் ஒவ்வொரு வகையிலும் எட்டு வரை சேர்க்கலாம். எல்சிடியின் முதுகில் ஒட்டி விற்கப்படும் சிறு பலகையில் இருப்பதும் இந்த ஐசிதான். திரை மௌனமாக இருந்தால், வந்திருப்பது ஏ வகையா என்று ஐசியின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுப் பிறகு புரோகிராமைத் திட்டுங்கள்.

கீபேடுக்கு இந்த ஐசி இன்னும் பொருத்தம், ஏனெனில் இதன் பின்களும் 8051 போலவே பலவீனமான 1-உம் உறுதியான 0-வும் கொண்டவை. நான்கு நிரைகளைக் கீழ் நான்கு பிட்டிலும், நான்கு நிரல்களை மேல் நான்கு பிட்டிலும், டையோடு இல்லாமல் நேரடியாகக் கட்டுங்கள். 1111 0000 என்று எழுதி, திரும்பப் படியுங்கள். யாரோ 6 என்ற விசையை அழுத்தியிருக்கிறார் என்று கொள்வோம். அது இரண்டாம் நிரை, மூன்றாம் நிரல். மூன்றாம் நிரல் கீழே இழுக்கப்படுவதால் 1011 0000 என்று வரும். இப்போது பாத்திரங்களை மாற்றி 0000 1111 என்று எழுதிப் படித்தால், இரண்டாம் நிரை இறங்கி 0000 1101 என்று வரும். முதல் விடையின் மேல்பாதியையும் இரண்டாம் விடையின் கீழ்ப்பாதியையும் சேர்த்தால் 1011 1101. 6-க்கு மட்டுமே உரிய எண் இது. நான்கு நிரைகளை வரிசையாக வருடும் வேலையே இல்லை, இரண்டு எழுத்து, இரண்டு வாசிப்பு. மேலும், 1111 0000 எழுதிய நிலையில் விட்டுவிட்டால், எந்த விசையை அழுத்தினாலும் அதன் இன்டரப்ட் பின் இறங்கிச் செய்தி சொல்லும், அதைப் பி3.2-இல் கட்டினால், விசை அழுத்தப்படாத நேரத்தில் நீங்கள் கீபேடை எட்டிப் பார்க்கவே வேண்டாம். எல்சிடியும் முதுகுப் பலகை வழியாகப் போனால், மொத்தம் ஏழு பின்கள்தான் செலவாகும். இதன் ஐ2சி வேகம் 100 கிலோஹெர்ட்ஸ்தான் என்பதால் திரையை நிரப்ப 15 மில்லிநொடி வரை ஆகலாம். பூட்டுக்கு அது ஒரு பொருட்டல்ல.

மற்ற வழிகளையும் கேட்டிருந்தீர்கள். 74எச்சி595 ஷிஃப்ட் ரெஜிஸ்டர் மலிவானது, மூன்று கம்பியில் எட்டு வெளியீடு தரும். ஆனால் வெளியீடு மட்டுமே, விசையைப் படிக்காது. எழுத்து வேண்டாம், எண்கள் போதும் என்றால் டிஎம்1638 நல்ல தேர்வு: மூன்று கம்பியில் எட்டு இலக்க எல்இடி காட்சியும் 24 விசைகள் வரை வருடலும் அதுவே பார்த்துக்கொள்ளும். அதன் தம்பியான டிஎம்1637-க்கு இரண்டு கம்பி போதும். ஆனால் அது பார்க்க ஐ2சி போலிருந்தாலும் ஐ2சி அல்ல, அதற்கு முகவரியே கிடையாது, பிட்டுகளும் கடைசியிலிருந்து போகும். ஆகவே ஈஈப்ராமின் கம்பிகளில் அதைச் சேர்க்காதீர்கள். பல எல்இடிகளைச் சில பின்களில் ஏற்றும் சார்லிபிளெக்சிங் முறை, ஐந்து பின்னில் 20 எல்இடி என்று சொன்னால் கவர்ச்சியாக இருக்கும். கீபேடோடு சேர்த்து அதைச் செய்வது வேண்டாத தலைவலி.

ஒரே அனலாக் பின்னில் எல்லா விசைகளையும் ரெசிஸ்டர் ஏணியாகக் கட்டும் முறை உங்களுக்கு உதவாது, ஏனெனில் மின்னழுத்தத்தை எண்ணாக அளக்கும் ஏடிசி 2051-இல் கிடையாது. ஏடிசி உள்ள ஐசியாக இருந்தாலும் பூட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆர்டுயினோவின் மேல் செருகும் எல்சிடி பலகையில் ஐந்து விசைகள் இப்படித்தான் உள்ளன: 5 வோல்ட்டிலிருந்து 2 கிலோ ஓம், பிறகு 330, 620, 1000, 3300 ஓம் என்று தொடர். 10 பிட் அளவீட்டில் இவை 0, 145, 329, 505, 741 என்று விழும். ஒன்றுக்கொன்று குறைந்தது 145 இடைவெளி இருப்பதால் தப்பு நேராது. ஏணியும் ஏடிசியும் ஒரே 5 வோல்ட்டை அளவுகோலாகக் கொள்வதால் மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் எண்கள் மாறாது. 16 விசைகளுக்கு இதையே செய்தால் இடைவெளி சராசரியாக 60-க்குச் சற்று மேல்தான் கிடைக்கும். அழுக்கேறிய மெம்ப்ரேன் கீபேடின் தொடர்புத் தடையே அந்த இடைவெளியைத் தின்றுவிடும். மெனுவில் மேலே கீழே போவதற்கு அது தாங்கும், கடவு எண்ணுக்குத் தாங்காது.

கல்லூரியில் 8279 படித்தவர்களுக்கு இந்தப் பதிலில் புதிதாக எதுவும் இருக்காது என்றும் சொல்லலாம். இன்டெல்லின் அந்த 40 பின் ஐசி, தனது நான்கு வருடல் கம்பிகளையே கீபேடுக்கும் ஏழு கூறு காட்சிக்கும் பொதுவாக வைத்திருந்தது. எந்த இலக்கம் ஒளிர்கிறதோ அதே கணத்தில் அதே கம்பி ஒரு விசை நிரையையும் சோதித்தது. தேர்வுக்காக அதன் கட்டளைச் சொற்களை மனப்பாடம் செய்த நாம், அந்தப் பகிர்வைக் கவனிக்காமலே தாண்டி வந்துவிட்டோம். நான்கு இலக்க எல்இடி காட்சியும் 16 விசைகளும் வைத்து ஏதாவது செய்யும்போது அதை இன்றும் அப்படியே பயன்படுத்தலாம்: கூறுகளுக்கு 8, இலக்கத் தேர்வும் நிரையும் சேர்ந்து 4, நிரல்களைப் படிக்க 4 என 16 பின்களில் முடிந்துவிடும், தனித்தனியாகக் கட்டினால் 20.

பெட்டி தயாராகாத ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், 40 பின் கொண்ட ஏடி89எஸ்52 வாங்கிக்கொள்ளுங்கள் என்றே சொல்லியிருப்பேன். ஒரே ஒரு பூட்டுக்காக இத்தனை சாமர்த்தியம் காட்டத் தேவையில்லை. 2051-ஐ ஒவ்வொரு திருத்தத்துக்கும் சாக்கெட்டிலிருந்து கழற்றி, 12 வோல்ட் தரும் புரோகிராமரில் வைத்து எழுத வேண்டியிருப்பதும் ஒரு தொல்லை. நீங்கள் இதிலேயே தொடர்வதாக இருந்தால், 2 கிலோபைட் நினைவகம் சி மொழியில் எழுதிய இத்தனை வேலைக்கும் இறுக்கமாக இருக்கும் என்பதால், அதே பின் அமைப்பில் 4 கிலோபைட் உள்ள ஏடி89சி4051-ஐ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் எதையும் மாற்றத் தேவையில்லை.

சால்டர் செய்யும் முன் பிரெட்போர்டில் ஒரு சோதனை. எல்சிடியில் ஒரு எண்ணை இடைவிடாமல் ஏறவிடுங்கள், அதே சுழலில் கீபேடை வருடுங்கள், இடையிடையே ஈஈப்ராமில் ஒரு பைட்டை எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடுங்கள். இவை ஓடிக்கொண்டிருக்கும்போது 4, 5, 6 ஆகிய மூன்று விசைகளையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடியுங்கள். ஐந்து நிமிடம் பிடித்தும் திரையில் ஓர் எழுத்துகூடச் சிதையவில்லை, ஈஈப்ராம் ஒப்பீடும் தவறவில்லை என்றால் பலகையில் ஏற்றலாம். சிதைந்தால், முதலில் டையோடுகளின் திசையைப் பாருங்கள். நான்கில் ஒன்றையாவது தலைகீழாகப் போட்டிருப்பீர்கள்.